தாய்முகம்

தமிழ் இலக்கியத்தில் ஆமைக்குத் தனி இடம் உண்டு. ஐம்பொறிகளை அடக்கி வாழும் மாந்தருக்குத் திருவள்ளுவர் ஆமையையே உவமையாக்கினார். சங்கப் புலவர்கள் அதனை யாமை என்றனர். அதன் இளமையைப் பார்ப்பு என்றனர். பொய்கையில் வாழும் யாமைப் பார்ப்பைத் தாய் ஊட்டி வளர்ப்பதில்லை; அது தாயின் முகத்தை நோக்கியே வளர்கிறது என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்றில் தோழி இக்கருத்தை எடுத்தாண்டு, தலைவனின் மார்பே தலைவிக்கு அத்தகையது என்று அவனுக்கு உணர்த்துகிறாள்.

உயிரியல் கற்றவர் இதனை ஏற்கமாட்டார். தாய் ஆமை மணலைத் தோண்டி முட்டையிட்டு, குழியை மூடிவிட்டு, வந்த வழியே நீருக்குத் திரும்பிவிடும். வெயிலின் சூடே முட்டையைப் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு தன் தாயின் முகத்தை வாழ்நாளில் ஒரு முறையேனும் காண்பது அரிது. ஆயினும் அந்தப் பழம்பாடலின் கருத்தில் வேறொரு வகையான உண்மை மறைந்திருக்கிறது. ஈப்போ நகரின் புறத்தே வாழும் ஒரு முதியவர், தம் எழுபத்தொன்பதாம் வயதில் அந்த உண்மையை அறிய நேர்ந்தது.

அம்முதியவர் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர். பிறந்ததும் மணந்ததும் பிள்ளைகளைப் பெற்றதும் போத்தாவுக்கும் தெலுக் இந்தானுக்கும் இடையில், பேரா ஆற்றுக்கு அணித்தே இருந்த ஓர் இரப்பர் தோட்டத்தில். 1990ஆம் ஆண்டுகளில் அத்தோட்டம் கைமாறியது. இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டன, செம்பனை நடப்பட்டது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. மாரியம்மன் கோயிலின் மணி ஒரு லாரியிலும் தமிழ்ப்பள்ளியின் மேசைகள் மற்றொரு லாரியிலும் சென்றன. அந்நாளில் முதியவர் தம் பெட்டி படுக்கைகளோடு ஓர் ஈய வாளியையும் சுமந்து வந்தார். வாளிக்குள் ஓர் ஆமை இருந்தது. தோட்டத்துக் குட்டையை மண்ணிட்டுத் தூர்த்தபோது, இயந்திரத்தின் சக்கரத்தடியில் அகப்பட இருந்ததை அவர் கையால் எடுத்து வந்திருந்தார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஆமை, வீட்டின் பின்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் வாழ்ந்து வந்தது. ஓடு கறுப்பு, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். கழுத்து தடித்தது. வாயோரம் வளைந்திருப்பதால் எந்நேரமும் புன்னகை பூத்திருப்பது போன்ற தோற்றம். முதியவர் அதனைத் 'துந்தோங்' என்றே அழைத்தார்.

அப்பெயரை அவர் ஆற்றங்கரைக் கம்பத்து மலாய் நண்பர்களிடம் சிறுவயதில் கற்றார். துந்தோங் என்பது பேரா ஆற்றின் புகழ்பெற்ற பேராமை. ஓடு மட்டுமே அரை மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தை ஒட்டி வாழ்ந்து, ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் நீர் வற்றி மணல்திட்டுகள் வெளிப்படும் காலத்தில், பெண் ஆமைகள் ஆற்றை எதிர்த்துப் பல மைல் நீந்திச் சென்று முட்டையிடும். முட்டைக் குழியை மூடியபின், உடலைத் தூக்கித் தூக்கி மணல்மேல் போட்டு இறுக்கும். அப்போது எழும் 'துந்தோங், துந்தோங்' என்ற ஓசையே அதற்குப் பெயராயிற்று என்பர். பேரா மாநிலத்தில் அம்முட்டைகள் சுல்தானுக்கு உரியனவாகக் கருதப்பட்டன. முட்டையெடுக்கும் பருவத்தில் அரச குடும்பத்தினர் படகேறி மணல்திட்டுகளுக்கு வருவது ஒரு விழாவாகவே நடந்து வந்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பசி அவ்வரம்பை அழித்தது. கண்டவரெல்லாம் முட்டைகளை அகழ்ந்தனர். போர் முடிந்த பின் பிறந்த முதியவருக்கு இவையெல்லாம் தந்தையார் வாயிலாகக் கிடைத்த செய்திகள். ஆனால் நிலவொளியில் ஆற்றின் மறுகரையிலிருந்து அவ்வோசை மிதந்து வந்ததைத் தாமே கேட்டதாக அவர் உறுதியாகச் சொல்வார்.

முதுமை நெருங்க நெருங்க அவருக்கு ஓர் ஏக்கம் வளர்ந்தது. தோட்டம் போயிற்று; துணைவியும் மறைந்தார். தமக்குப் பின் இந்த உயிரை யார் காப்பார்? ஆற்றின் பிள்ளையை ஆற்றிலேயே விட்டுவிட்டால் நெஞ்சு ஆறும் என்று எண்ணினார். போத்தா கானானில் மணற்கரையில் நின்று, தம் கையாலேயே அதனை நீரில் விடவேண்டும் என்பது அவருடைய கடைசி விருப்பமாயிற்று.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது அவ்விருப்பத்தை அவளிடம் சொன்னார். அவள் உடனே மறுமொழி கூறவில்லை. தொட்டியருகே அமர்ந்து, ஆமையைத் தூக்கி, அதன் முன்கால்களை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, துந்தோங்குக்கு முன்காலில் நான்கு நகம்தான். இதற்கு ஐந்து இருக்கிறது."

"என்னம்மா சொல்கிறாய்?"

"இது துந்தோங் இல்லை, தாத்தா. கறுப்புச் சதுப்பு ஆமை. குட்டை, வயல், கால்வாய் என்று ஓடாத நீரில் வாழ்வது. பெரிய ஆற்றில் விட்டால் இது பிழைப்பது கடினம்."

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் முப்பது வருடமாக இதை வேறொருவர் பெயர் சொல்லியா கூப்பிட்டேன்?" என்றார். அக்குரலில் இருந்த துயரம் பேத்தியை வருத்தியது. ஆனால் அந்த வினா, அவரைப் போன்ற எளியவர் மட்டும் எதிர்கொண்ட வினா அன்று. உலகின் பெரிய அறிஞர்களும் இதே ஆமைக் குடும்பத்தில் நூற்றறுபது ஆண்டுகள் வேறொருவர் பெயரைச் சொல்லி அழைத்துக் கொண்டிருந்தனர்.

உயிர்களை வகைப்படுத்தும் வேட்கை தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அது அடுக்கிக் காட்டுகிறது. நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையன என்கிறது. எவ்வெவ் விலங்கின் இளமைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்பெயர் உரியது என்று வரையறுக்கிறது. இன்று மரபணுக்களை ஆராயும் துறைக்கும் மரபியல் என்ற அதே பெயர் அமைந்திருப்பது மகிழத்தக்க ஒற்றுமை. எனினும் இரண்டும் காணும் வழி வேறு. பழைய மரபியல் புறத்தே தெரியும் இயல்பைக் கொண்டு வகுத்தது. புதிய மரபியல் பிறப்பின் வழியைத் தேடுகிறது.

ஐரோப்பிய அறிஞரும் தொடக்கத்தில் புறத்தோற்றத்தையே நம்பினர். 1830ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், இலண்டனில் பணியாற்றிய ஜான் எட்வர்ட் கிரே என்பார் வங்கத்து ஆற்றாமைக்கு 'பாஸ்கா' என்று அறிவியல் பெயரிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகப் பினாங்கு வட்டாரத்தில் பணியாற்றிய டென்மார்க்கு நாட்டவரான தியோடர் காண்டோர், மலாய்த் தீபகற்பத்தின் ஊர்வனவற்றைத் திரட்டி 1847இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் இந்நாட்டு ஆற்றாமையைத் 'தெத்ரவோனிக்ஸ் அஃபினிஸ்' என்று குறித்தார். முதற்சொல்லுக்கு நான்கு நகமுடையது என்று பொருள். பேத்தி எண்ணிப் பார்த்த அதே நகக் கணக்கு அன்றைக்கே பெயராகிவிட்டது.

பின்வந்த அறிஞர்கள் இரண்டு ஆமைகளையும் ஒப்பிட்டனர். நான்கு நகம், ஓட்டின் வடிவம், மூக்கின் கூர்மை எல்லாம் ஒத்திருந்தன. ஆகவே காண்டோர் இட்ட பெயரைத் தள்ளிவிட்டு, வங்கம் முதல் கம்போடியா வரை வாழ்வது ஒரே இனம், அதற்குப் பெயர் 'படாகுர் பாஸ்கா' என்று முடிவு செய்தனர். 1970ஆம் ஆண்டுகளில் எட்வர்ட் மோல் என்னும் அமெரிக்க அறிஞர் பேரா ஆற்றங்கரையில் தங்கித் துந்தோங்கின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்தபோதும் அதற்கு வழங்கிய பெயர் அதுவே.

இந்நிலையை மாற்றியது மரபணு ஆய்வு. அதன் முறையை விளங்கிக்கொள்ளத் தமிழ் கற்றவர்க்கு ஓர் எளிய வழி உண்டு. உ. வே. சாமிநாதையர் பழைய நூல்களைப் பதிப்பிக்கும்போது ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடினார். ஏடு எழுதுவோர் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதும்போது சில பிழைகள் நேரும். அடுத்துப் பெயர்த்தெழுதுவோர் அப்பிழையையும் சேர்த்து எழுதுவர். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் காணப்படுமாயின், அவை ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை என்று கொள்ளலாம். பாடவேறுபாடு மிகுதியாயின், அவை பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று கருதலாம்.

உயிரின் ஏடும் அத்தகையதே. ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. என்னும் இழை நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அடினைன், தைமின், குவனைன், சைட்டோசின் என்ற நான்கு வேதிப்பொருள்களே அவ்வெழுத்துகள். தலைமுறைதோறும் அவ்வேடு பெயர்த்தெழுதப்படுகிறது. அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். மாறியது வழிவழியாகத் தொடரும். ஒரு துளிக் குருதியோ சிறு தசையோ கிடைத்தால் போதும். ஆய்வாளர் அதிலுள்ள மரபணுவின் ஒரு பகுதியைப் பல கோடிப் படிகளாகப் பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிடுவர்.

ஆமை ஆய்வில் பெரிதும் பயன்பட்ட ஏடு, உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே உள்ளது. உணவிலிருந்து ஆற்றலைப் பெற்றுத் தரும் சிற்றுறுப்புக்கு மைட்டோகாண்டிரியா என்று பெயர். தமிழில் இழைமணி என்பர். அதற்கெனத் தனியாக ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. அதிலுள்ள சைட்டோகுரோம் பி என்னும் மரபணு ஏறத்தாழ 1,140 எழுத்துகள் நீளமுடையது. அதனைப் படித்தால் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று தாய்வழியே பின்னோக்கிச் செல்ல முடியும்.

முட்டையிட்டுவிட்டு நீரில் மறைந்த தாய், குஞ்சின் ஒவ்வோர் உயிரணுவிலும் தன் கையெழுத்தை வைத்துவிட்டே போயிருக்கிறாள். தாய்முகம் காணாத பார்ப்பு, தாய்முகத்தைத் தன்னுள்ளே சுமந்து வளர்கிறது. சங்கப் புலவர் இதனை அறிந்து பாடவில்லை. ஆயினும் அவர் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் வாய்த்துவிட்டது.

இம்முறையைக் கொண்டு ஆஸ்திரியாவின் பீட்டர் பிராஷாக், செருமனியின் ஊவே பிரிட்ஸ் முதலியோர் தெற்காசிய, தென்கிழக்காசிய ஆற்றாமைகளை ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே இனம் என்று நம்பப்பட்ட வங்கத்து ஆமையும் மலாயா ஆமையும் தாய்வழியில் நெடுங்காலத்திற்கு முன்பே பிரிந்தவை என்பது தெளிவாயிற்று. அதன்பின் உருவத்தையும் மீண்டும் நோக்கினர். இனப்பெருக்கக் காலத்தில் வங்கத்து ஆணின் கழுத்துச் செந்நிறம் கொள்கிறது. மலாயா ஆண் உடல் முழுதும் கறுக்கிறது. கண்முன்னே இருந்த வேற்றுமைக்கு அப்போதுதான் உரிய மதிப்புக் கிடைத்தது. 2008இல், கைவிடப்பட்டிருந்த காண்டோரின் சொல் மீண்டும் எடுக்கப்பட்டது. நூற்று அறுபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு இந்நாட்டுத் துந்தோங்குக்குப் 'படாகுர் அஃபினிஸ்' என்ற தன் பெயர் திரும்பியது.

ஆய்வு அவ்வளவில் நிற்கவில்லை. 2009இல் மலாயா ஆமையினுள்ளும் இரு கிளைகள் உண்டு என்று காட்டினர். பேரா, கெடா ஆறுகளிலும் சுமத்திராவிலும் வாழ்வது ஒன்று. திரெங்கானு, பகாங் முதலிய கீழ்க்கரை ஆறுகளிலும் கம்போடியாவிலும் வாழ்வது மற்றொன்று. இரண்டாவதற்கு, பேரா ஆற்றங்கரையில் உழைத்த மோலின் நினைவாக 'எட்வர்ட்மோலி' என்று துணையினப் பெயர் சூட்டினர்.

ஒரே தீபகற்பத்தில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என அமைந்தது ஏன்? நடுவே தித்திவங்சா மலைத்தொடர் முதுகெலும்பாக நிற்கிறது. ஆற்றாமை மலையேறி அடுத்த ஆற்றுக்குச் செல்லாது. ஆற்றிலிருந்து ஆற்றுக்குப் போகவேண்டுமானால் கழிமுகத்தின் வழியேதான் போகவேண்டும். மேலும், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியூழியில் கடல்மட்டம் இன்றைக்கினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாயா, சுமத்திரா, சாவகம், போர்னியோ எல்லாம் ஒரே நிலமாய்க் கிடந்தன. இன்று கடலில் முடியும் ஆறுகள் அன்று அந்நிலத்தின் மேல் நெடுந்தொலைவு ஓடி ஒன்றோடொன்று கலந்தன. மலையின் மேற்கே பாய்ந்த ஆறுகளுக்கு ஒரு கூட்டம், கிழக்கே பாய்ந்தவற்றுக்கு வேறொரு கூட்டம். கடல் ஏறியபின் அவ்வாறுகள் நீரில் மூழ்கின. அவற்றின் தடத்தை இன்று உயிர்களின் மரபணுவிலும் தேடுகின்றனர் அறிஞர்.

மரபணு, பிரிப்பதற்கு மட்டும் பயன்படுவதன்று, சேர்ப்பதற்கும் பயன்படுவது. கழிமுகங்களில் வாழும் 'துந்தோங் லாவுட்' என்னும் ஆமையைத் தனிப் பேரினமாக வைத்திருந்தனர். அது துந்தோங்கின் நெருங்கிய உறவு என்று 2007 ஆய்வு காட்டியதால் அதனையும் அதே பேரினத்தில் சேர்த்தனர். சில பெயர்களை மரபணு அழித்தும் இருக்கிறது. விலங்கு வணிகர் வாயிலாகப் பெற்ற சில ஆமைகளைக் கொண்டு 1991இல் 'மவ்ரெமிஸ் ஐவர்சோனி' என்று சீனத்து ஆமையினம் ஒன்று அறிவிக்கப்பட்டது. இயற்கையில் அதனைத் தேடியவர்க்கு அது அகப்படவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மரபணுவைப் படித்தபோது, அது இரு வேறு இனங்கள் கலந்து பிறந்த கலப்புயிர் என்பது வெளிப்பட்டது. வணிகன் சொன்ன ஊரை நம்பியதால் நேர்ந்த பிழை அது.

இவற்றையெல்லாம் பேத்தி சில மாலைப் பொழுதுகளில் தாத்தாவுக்கு விளக்கினாள். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர்தாம் எனினும் அவர் கூர்ந்து கேட்டார். ஒரு நாள் இடைமறித்து, "பெயர் எதுவாக இருந்தால் என்ன அம்மா? எல்லாம் ஆமைதானே. ஓர் உயிரை ஆற்றில் விடுவது புண்ணியம் இல்லையா?" என்றார்.

"பாவமும் ஆகலாம், தாத்தா" என்றாள் அவள்.

அவள் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. துந்தோங் இன்று உலக அளவில் அற்றுப்போகும் நிலையின் விளிம்பில் உள்ளது. மணல் அள்ளுதல், அணைகளால் மாறிய நீரோட்டம், மீன்வலை, முட்டைத் திருட்டு எல்லாம் சேர்ந்து அதனை அந்நிலைக்குத் தள்ளின. போத்தா கானானிலும் பிற இடங்களிலும் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடும் பணி நடந்து வருகிறது. திரெங்கானுவில் 2011இல் தோன்றிய மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கமும் கெமாமான் ஆற்றங்கரை மக்களோடு சேர்ந்து இப்பணியைச் செய்கிறது. இத்தகைய பணியில் முதல் வினா, எந்த ஆற்றின் குஞ்சை எந்த ஆற்றில் விடுவது என்பது. கீழ்க்கரைக் குஞ்சை மேற்கரை ஆற்றில் விட்டால், இரு வழியும் கலந்து, பல்லாயிரம் ஆண்டுகள் தனித்து வளர்ந்த ஏடு ஒன்று அழிந்துவிடும். இது போலவே, வங்கத்து ஆமை அழிந்தால் பேராவிலிருந்து கொண்டுபோய் நிரப்பலாம் என்று இனி யாரும் எண்ண முடியாது. ஒரே பெயர் இருந்தவரை ஒன்றின் இழப்பு மற்றொன்றின் நிழலில் மறைந்து கிடந்தது.

தொட்டியில் வளர்ந்த ஆமை நோயைச் சுமந்து செல்லவும் கூடும். ஈப்போவின் சாம் போ தோங் குகைக் கோயிலின் ஆமைக் குளத்தைக் கண்டவர் பலர். நீண்ட ஆயுளை வேண்டிக் கீரைக்கட்டு வாங்கி ஊட்டுவோரின் பக்தியை யாரும் குறை கூற இயலாது. குளத்தினுள் விடும்வரை தீங்கில்லை. அதே அன்போடு, அமெரிக்காவிலிருந்து வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட செங்காது ஆமையை ஒருவர் இந்நாட்டு ஆற்றில் விடும்போது, அது இந்நாட்டு ஆமையின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. அன்பு மட்டும் இருந்தால் போதாது. அறிவும் உடன் வரவேண்டும்.

முதியவர் இதனை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. ஆனால் துந்தோங்கை ஒரு முறை பார்க்கவேண்டும் என்றார். பேத்தி அவரைப் போத்தா கானானுக்கு அழைத்துச் சென்றாள். நீர்த்தொட்டியில் கைப்பிடியளவுக் குஞ்சுகள் நீந்தின. பெரிய குளத்தில், வெண்கல உருளி கவிழ்ந்தது போன்ற ஓடு ஒன்று மெல்ல எழுந்து மறைந்தது. முதியவர் வேலியைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இதுதானா அந்தச் சத்தம் போட்டது?" என்று மட்டும் கேட்டார். திரும்பும் வழியில் தோட்டம் இருந்த பக்கமாக வண்டியைத் திருப்பச் சொன்னார். செம்பனை வரிசைக்கு முடிவில்லை. கோயில் இருந்த இடத்தில் ஓர் அரசமரம் நின்றது. குட்டை இருந்த இடத்தை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆற்றில் விடும் எண்ணத்தை அன்றோடு விட்டார். வனவிலங்கு இலாகாவிடம் ஆமையை ஒப்படைப்பதே முறை என்று பேத்தி சொன்னதற்குத் தலையசைத்தார்.

ஒப்படைத்த நாளில் அலுவலர் ஒருவர் தாள் ஒன்றை நிரப்பினார். இனம், பால், ஓட்டின் நீளம் ஆகியவற்றைத் தாமே அளந்து எழுதிக்கொண்டார். பிறகு, எங்கே கிடைத்தது என்று வினவினார். முதியவர் தயங்கினார். இல்லாத ஊரை எப்படிச் சொல்வது?

"சொல்லுங்கள் தாத்தா" என்றாள் பேத்தி. "இதுதான் முக்கியம். சந்தையில் வாங்கிய ஆமைக்கு ஊர் கிடையாது. அதன் மரபணுவைப் படித்தாலும், எந்த இடத்துக்கு உரியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கு ஊர் உண்டு. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

அத்தோட்டத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. கம்பெனி இட்ட பெயர் ஒன்று. அங்கு வாழ்ந்த தமிழர் தம் நாவுக்கு ஏற்ப வைத்துக்கொண்ட பெயர் மற்றொன்று. கம்பெனிப் பெயர் பழைய ஆவணங்களில் இருக்கலாம். தமிழ்ப் பெயரோ அதனைச் சொன்னவர்களோடு சிதறி, ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் கோலாலம்பூரிலும் சில முதியவர்களின் வாயில் மட்டும் எஞ்சியிருக்கிறது. முதியவர் இரண்டையும் சொன்னார். ஆற்றின் வளைவிலிருந்து எத்தனை கட்டை தொலைவு, கோயிலுக்கு எப்பக்கம், பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் எத்தனை அடி என்று, கேட்காதவற்றையும் சேர்த்துச் சொன்னார். அலுவலர் பொறுமையாக எழுதிக்கொண்டார். தமிழ்ப் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டபோது பேத்தி எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது முதியவர் வண்டியின் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிந்தா ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில், "என் தாயார் கப்பலேறி வந்தபோது எந்த ஊரிலிருந்து வந்தார் என்று நான் கேட்டதே இல்லை அம்மா" என்றார். பேத்தி மறுமொழி சொல்லவில்லை. சற்றுக் கழித்து, தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "பாட்டியின் தாயார் பெயராவது தெரியுமா, தாத்தா?" என்று கேட்டாள்.

முதியவர் கண்ணை மூடி யோசிக்கத் தொடங்கினார்.